பரசுராமன் வைத்த ஜன்னல்

மண்ணூரில் பரசுராமனைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் பேசிக் கேட்டவர்களும் குறைவு. நெல் விளைந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். பிள்ளைகள் இல்லை. மனைவி மீனம்மாளுக்குக் காசநோய் வந்து, மருந்தை விடாமல் சாப்பிட்டுக் குணமாகியிருந்தது. கிருமி போயிற்று, கெட்டுப்போன நுரையீரல் கெட்டதுதான். படுத்தால் மூச்சு முட்டும். மெத்தையைச் சுருட்டி முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள். நான் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அடுத்த தெருவில் இருந்தேன். அவளைக் கவனிக்க தினமும் போவேன்.

அது பரசுராமனின் அப்பா கட்டிய வீடு. எதிரெதிரே ஜன்னல் உள்ள அறை அதில் ஒன்றுதான். அந்த அறையில் அவருடைய அம்மா இறந்தபோது, நட்சத்திரம் சரியில்லை என்று அடைப்பு போட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி இறந்தால் அந்த அறையைச் சில மாதங்கள் மூடி வைப்பது வழக்கம். கதவு, ஜன்னல் எதையும் திறக்கக் கூடாது. மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த அறையை 1991 பங்குனியில் திறந்தார்கள். சுவர் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. ஜன்னல் சட்டத்தை அழுத்தினேன், விரல் உள்ளே போயிற்று. கரையான் மரத்தைத் தின்றுவிட்டு வெளிப்பூச்சை மட்டும் விட்டு வைத்திருந்தது.

"சுவரைச் சுரண்டி சுண்ணாம்பு அடி. ரெண்டு ஜன்னலையும் பேத்துட்டு வேற வை. மீனம்மா இந்த அறையிலதான் இருக்கணும், எந்நேரமும் காத்து ஓடணும். அப்பதான் படுத்துத் தூங்க முடியும்" என்றேன்.

பரசுராமன் தலையை ஆட்டினார்.

அந்த வருடங்களில் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் பெரிய மரப்பெட்டிகளில் வரும். பிரித்த பலகைகளைக் கழித்துவிடுவார்கள். மண்ணூரில் ஆட்டுப்பட்டி முதல் அலமாரி வரை அந்தப் பலகைதான். வெள்ளை வெளேரென்று, முடிச்சு குறைவாக, இழைத்தால் பட்டுப் போல இருக்கும். பரசுராமனும் அதையே வாங்கினார். ஆசாரி நரசிம்மன் அதில் இரண்டு ஜன்னல் செய்து மாட்டினார். ஒரு கதவின் உள்பக்கம், பெட்டியின் மேல் அச்சடித்திருந்த கண்ணாடிக் கோப்பைப் படம் அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து பார்க்க வந்த, பரசுராமனின் அண்ணன் கன்னியப்பன், "இன்னாடா இது, டம்ளர் படம் போட்டுகீது?" என்று கேட்டார்.

"ஒடையற சாமான்னு அர்த்தம்ணா."

மீனம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னாள்: "எனுக்கு ஒட்ட வேண்டியத ஜன்னல்ல ஒட்டிக்கிறாங்க மாமா."

கன்னியப்பன் சிரித்தார். பரசுராமன் சிரிக்கவில்லை.

கோடையில் ஜன்னல் நன்றாக இருந்தது. ஆவணியில் மழை தொடங்கியதும் அந்த மரம் தண்ணீரைக் குடித்தது. ஊதி, சட்டத்தோடு இறுகிக்கொண்டது. மழைக்காக மூடிய கதவு திரும்பத் திறக்கவில்லை. கடப்பாரை வைத்து நெம்பியதில் ஒன்று பிளந்தது; சாரல் அடிக்காமல் இருக்க அதன் மேல் தார்ப்பாய் கட்டினார்கள். காற்று நின்றது. சுவரின் மூலைகளில் மறுபடியும் பூசணம் வந்தது. புரட்டாசியில் மீனம்மாளுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே பரசுராமன் மனைவியைப் பார்த்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய காலத்து வார்டு. ஜன்னல் கதவுகளில் பலகைக்குப் பதில், வெளிப்பக்கம் சரிந்த பட்டையான மரத் துண்டுகளை வரிசையாக இடைவெளி விட்டுப் பொருத்தியிருந்தார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய், மூடிய கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரமில்லை.

"நர்ஸம்மா, மூடிதான் கீது. காத்து வருது" என்றார்.

எத்தனையோ மழைக்காலம் அந்த மாதிரி வார்டில் வேலை பார்த்தவள் நான். ஆனாலும் மழையில் ஜன்னலை மூட வேண்டியிருக்கும் என்பதை, வேற ஜன்னல் வை என்று சொன்னபோது நான் யோசிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் கன்னியப்பன் விடவில்லை. "கம்பெனில இருக்கிறாப்பல இரும்பு ஜன்னல் வை. கரையான் ஏறாது."

"எங்க கேட் ரூம்ல இரும்புதாண்ணா. ரெண்டு மழைக்கே துரு புடிச்சி, கொக்கி கைல வந்துட்ச்சி."

"அப்ப அலுமினியம் வை. தள்ற மாதிரி வருதே."

இருவரும் பூந்தமல்லிக்குப் போய் ஒரு கடையில் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். கடைக்காரர் கண்ணாடிக் கதவை ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். பாதி ஜன்னல்தான் திறந்தது. மறுபாதியை மற்றக் கதவு மறைத்துக்கொண்டது. பரசுராமன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மூடினா காத்து வருமா?"

"காத்து வரக் கூடாதுன்னுதானேய்யா மூடுறது" என்றார் கடைக்காரர்.

"எனுக்கு மூடினாலும் வரணும்."

கடைக்காரர் கன்னியப்பனைப் பார்த்தார். கன்னியப்பன் தெருவைப் பார்த்தார். "வாடா போலாம், மானத்த வாங்காத."

கடைசியில் பரசுராமன், சென்னையில் இடித்த பழைய பங்களா ஒன்றின் தேக்குச் சட்டங்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பல வருட மழை வெயிலைப் பார்த்த மரம். இனி ஊதவும் வழியில்லை, சுருங்கவும் வழியில்லை. நரசிம்மன் ஆசாரியை உட்கார வைத்து, ஆஸ்பத்திரி ஜன்னலைத் தரையில் கரியால் வரைந்து காட்டினார். பட்டையின் சரிவு சரியாக வரும்வரை, செய்த கதவின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்து இதையே செய்துகொண்டிருந்தார். ஐப்பசி மழை வலுப்பதற்குள் இரண்டு ஜன்னலும் ஏறிவிட்டன.

ஜன்னல் மீனம்மாளைப் பிழைக்க வைத்தது என்று எழுத மாட்டேன். அந்த நுரையீரலுக்கு வைத்தியம் கிடையாது. ஆனால் ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு போய்ப் பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தது, அறைக்குள் காற்று ஓடிக்கொண்டிருந்தது. மெத்தையை விரித்து, ஒரே ஒரு தலையணை வைத்து, ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"தூங்கறியா?"

"இல்ல நர்ஸம்மா. படுத்துப் பாக்கறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு படுத்தேதான் தூங்கினாள்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையில் இறந்தாள். நான்தான் குளிப்பாட்டிச் சேலை கட்டினேன். முகத்தில் திணறல் இல்லை. சுடுகாட்டிலிருந்து வந்ததும் கன்னியப்பன் பஞ்சாங்கத்தை விசாரித்து வந்து தம்பியிடம் சொன்னார்: "ரோகிணிடா. அடைப்புதான்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த அறையை மறுபடியும் பூசணத்துக்குக் கொடுப்பதா என்று கேட்க வாயெடுத்தேன். பரசுராமன் அதற்குள் எழுந்துவிட்டார். இரண்டு ஜன்னலையும் சாத்திக் கொக்கி போட்டார். கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை அண்ணன் கையில் கொடுத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. கன்னியப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளிப்பக்கமாகப் போய், ஜன்னல் சரியாக மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பட்டைகளின் மேல் அவர் கை அப்படியே நின்றது.

"டேய், காத்து போவுதேடா."

"மூடிதாண்ணா கீது."

கன்னியப்பன் ஜன்னல் கதவை இழுத்துப் பார்த்தார். உள்கொக்கி விடவில்லை. துண்டைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தார்.

சாயங்காலம் அறை வாசலில் விளக்கு வைத்தார்கள். கதவடியிலிருந்து வந்த காற்றில் சுடர் ஆடி, அணையப் பார்த்தது. கன்னியப்பன் குனிந்து விளக்கைக் காற்று படாத பக்கமாக நகர்த்தி வைத்தார்.