விருந்துத் தீ

அதிகமாக விறகு எரிக்கும் வீடுகளின் அடுப்பைப் பல்கலைக்கழகத்தார் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். பக்கத்து ஊரான குருபோங்கில் தன் மச்சான் கேள்விப்பட்டதாக ஹபீபுல்லா காக்கா தெருமுனைக் கடையில் வைத்துச் சொன்னார். எனக்கே பக்கென்றது. அவர் மனைவி லத்தீஃபா, எங்கள் ஊரான டுரியான் துங்காலில் எனக்குப் பக்கத்து வீடு. கேஸ் இருந்தும் ரப்பர் விறகில்தான் சமைப்பார். விடியலில் அந்தப் புகை அணைக்கட்டுப் பனியோடு கலக்கும்போது தெருவே தூக்கத்தில் மிதப்பதுபோல் இருக்கும்.

வீட்டு விறகுக்கும் காட்டுக்கும் பருவநிலைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பல்கலைக்கழக மாணவி ராகினி, சில நாள்களாக அவர் எரிக்கும் விறகை எடை போட வந்துகொண்டிருந்தாள். அவள் வந்த நாளெல்லாம் லத்தீஃபா பிரியாணிக்குத் தீ மூட்டினார்.

"ஆண்டி, தினமும் சமைக்கிறதையே சமைங்க லா!"

"வீட்டுக்கு வந்த புள்ளைக்கு ரசமும் கருவாடுமா வைப்பாங்க? சும்மா உட்காரு."

ராகினி சிரித்தபடி சாப்பிட்டாள். எடையைக் குறித்துக்கொண்டு போனாள்.

காக்கா கொண்டுவந்த செய்தியைக் கேட்டதும் லத்தீஃபாவின் முகம் வெளுத்தது. "அந்தப் புள்ள எடை போட்டது விருந்துத் தீ. தினமும் என் தீ இத்தனூண்டுதான்" என்று உள்ளங்கைகளைக் குவித்துக் காட்டினார்.

"நல்லா வச்ச விருந்து, போ!" காக்கா சீண்டினார்.

அது லத்தீஃபாவின் காதில் விழவில்லை. சாம்பலுக்குள் கங்கு, கனவு காண்பதுபோல் சிவந்து சிவந்து மங்கியது. அதைப் பார்த்தபடியே, குறித்த எடையை மாற்றச் சொல்ல ராகினியை ஃபோனில் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.