மணிக்கட்டு பார்த்த டாக்டர்

டாக்டர் இருந்தார். நர்ஸம்மா இருந்தார். என் மனைவி, அப்புறம் நான். தறியில் வெட்டுப்பட்டு என் ஆள்காட்டி விரலுக்குள் தசைநார் அறுந்திருந்தது. விரல் மடங்காவிட்டால் தறி வேலை போய்விடும்.

இந்தப் பக்கம் கை ஆபரேஷனை முதலில் தொடங்கியவர் இந்த டாக்டர்தானாம். நரைத்த மீசை, ஒல்லி உடம்பு. யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன்பே மணிக்கட்டைத்தான் பார்ப்பார்.

"கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை மடக்குங்க சாமி" என்றார்.

மணிக்கட்டின் நடுவில் ஒரு நார் புடைத்து நின்றது.

"இது இல்லாட்டியும் கை நல்லா வேலை செய்யும். இதையெடுத்து வெரலுக்குள்ள வெச்சுத் தெச்சிடலாம்."

"உங்களாட்டமே சும்மா கெடந்திருக்குதுங்க" என்றாள் மனைவி என்னிடம்.

"சில பேருக்கு இது பொறப்புலயே இருக்காதுங்க" என்று டாக்டர் தன் கையை மடக்கிக் காட்டினார். ஒன்றும் புடைக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து விரல் இப்போது மடங்குகிறது. அந்த நார் ஏன் சிலருக்கு மட்டும் இல்லை என்று அவரிடம் கேட்காமல் வந்துவிட்டேன். பட்டறையில் எல்லோரையும் கையை மடக்கச் சொல்லிப் பார்த்தேன். பதினாறு பேரில் நார் இல்லாதவர்கள் இரண்டு பேர்.