ஒட்டாமல் கொடுத்த கடிதம்

வரக்காப்பொலைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் கன்னையாவுக்கு ஜீவராணி ஒரே மகள். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் உயர்தரப் பரீட்சை பாஸான முதல் ஆள் அவள்தான். 2002இல் கேகாலைப் பக்கத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கட்டட வரைபடம் படிக்க இடம் கிடைத்தது. படிப்பு சிங்களத்தில். பேச்சுச் சிங்களம் அவளுக்குத் தண்ணீர் மாதிரி. எழுத்துச் சிங்களம்தான் காலை வாரியது.

அடுத்த வருஷம் மே மாதம், கண்டியில் தமிழில் படிக்கலாம் என்று கேள்விப்பட்டு அங்கே மாற்றம் கேட்டு விண்ணப்பம் நிரப்பினாள். மொழி ஒரு காரணம். அவள் யாரிடமும் சொல்லாத இன்னொரு காரணமும் இருந்தது. விண்ணப்பத்தோடு விரிவுரையாளர் ஒருவரின் கடிதம் வேண்டும். ரெஜினோல்ட் சேரிடம் கேட்டாள். அவரும் பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். நம்ம ஆள், நல்லதாக எழுதுவார் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் அவர் உறையை நீட்டினார்.

“ஒட்டலம்மா. படிச்சுப் பாத்துட்டு அனுப்பு.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தாள். சிங்களத்தில் அரைப் பக்கம். கோடுகள் சுத்தமாக வரைவார் என்று முதல் வரி. அடிக்கடி தாமதமாக வருவார் என்று இரண்டாவது. பிறகு: “கடந்த ஒக்டோபரில் சக மாணவி ஒருவரின் வரைபடத்தைப் பிரதியெடுத்துத் தன்னுடையது எனச் சமர்ப்பித்தார். பழி அந்த மாணவி மீது விழுந்தபோதும் உண்மையைச் சொல்லவில்லை.”

அந்த மாணவி நூரியா. ஜீவராணியின் பக்கத்து மேசைக்காரி. தன் படம் முடியாத பதற்றத்தில் ஜீவராணி, நூரியா வெளியே போயிருந்த நேரம் அவளுடைய தாளின் மேல் தன் தாளை வைத்து வரைந்துவிட்டாள். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டு சேர் வகுப்பில் கேட்டார். ஜீவராணி வாயைத் திறக்கவில்லை. நூரியா அழுதாள். அழுததையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு சேர் நூரியாவுக்குச் சைபர் போட்டார். ஜீவராணி யாரிடமும் சொல்லாத காரணம் அதுதான். நூரியாவின் முகம் இல்லாத ஊருக்குப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது கன்னையா வாசலில் காத்திருந்தார்.

“சேரு குடுத்தாரா? என்னா எழுதியிருக்காரு? படி தாயி.”

அவருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அவள் தாளைப் பிடித்துக்கொண்டு, வரிவரியாகக் கண்ணை ஓட்டி, வேறொரு கடிதத்தை வாசித்தாள். ஒழுக்கமான பிள்ளை. நேரம் தவறாத பிள்ளை. நேர்மையான பிள்ளை. அந்தக் கடைசி வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“நேர்மையான புள்ளனு எழுதியிருக்காரா?” கன்னையா திரும்பக் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற நாற்பது பேருக்கு முன்னால் அவர் அதைச் சொன்னார். சாயங்காலம் பக்கத்து வீட்டு வெள்ளையம்மா வந்தாள். “ஒங்கப்பா சொன்னாரு புள்ள. எம்மகளுக்கும் நீ கொஞ்சம் புத்தி சொல்லேன்.” ஜீவராணி அடுப்பை ஊதுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் கன்னையா இன்னொன்றும் யோசித்துவிட்டார். “அந்தக் கடுதாசியக் குடு தாயி. நல்லையா கணக்கப்புள்ளக்கிட்ட ஒருக்கா காட்டிட்டு வாறேன். அவரு நல்லா சிங்களம் வாசிப்பாரு.”

சேர் முத்திரை வைக்க மறந்துவிட்டார், திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லித் தப்பித்தாள். மறுநாள் உண்மையிலேயே கொண்டுபோனாள்.

“இத அனுப்பினா எனக்கு எடம் கெடைக்காது சேர்.”

“கெடைக்காமப் போகலாம்.” ரெஜினோல்ட் பேனாவைத் திறந்து மேசையில் வைத்தார். “எந்த வரி பொய்னு சொல்லு. அடிச்சிடுறேன்.”

அவள் இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். “லேட்டா வர்றதுனு... பஸ் இல்ல சேர்.”

“பஸ் இல்லாத நாளெல்லாம் நான் கழிச்சிட்டுத்தான் எழுதினேன்.”

வேறு எதையும் அவளால் காட்ட முடியவில்லை. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நூரியா வீட்டுல போட்டுப் பழகின தாளெல்லாம் ஜனவரியில கொண்டாந்து காட்டுச்சு. விசாரிக்காம சைபர் போட்டது என் தப்பு. மார்க்கத் திருத்திட்டு, அந்தப் புள்ளகிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன். நீ வந்து சொல்லுவேனு நாலு மாசம் பாத்தேன். நீ வந்தது கடுதாசி கேட்டு.”

அன்று பகலே நூரியாவைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தாள். சொல்ல வந்தது பாதியில் நின்றது. மீதியை நூரியா சொன்னாள்.

“எனக்குத் தெரியும் ஜீவா. நீ சொல்லுவேனு கொஞ்ச நாள் பாத்துட்டு இருந்தேன். பொறகு பாக்கிறத விட்டுட்டேன்.” கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். வரக்காப்பொலை பஸ் வந்தது. இரண்டு பேரும் போக வேண்டிய பஸ் அது. நூரியா ஏறினாள். ஜீவராணி அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கன்னையா பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“அப்பா, நான் அன்னைக்கிப் படிச்சது அந்தக் கடுதாசியில இல்ல.”

“என்னா இல்ல?”

இந்த முறை உள்ளதை உள்ளபடி தமிழில் சொன்னாள். தடுமாறிய இடங்களில் நிறுத்தி, திரும்பச் சொன்னாள். கன்னையா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரி வரை கேட்டார்.

“இது நெசமா?”

“நெசந்தான்.”

அவர் திட்டவில்லை. “நான் பெரட்டுல சொல்லிட்டேனே” என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நடந்ததை வெள்ளையம்மா சொல்லித்தான் ஜீவராணி அறிந்தாள். பேர் கூப்பிட்டு முடிந்ததும் கன்னையா எல்லாரையும் நிற்கச் சொன்னாராம். “எம்மக கடுதாசியப் பத்தி அன்னைக்கி நான் சொன்னது சரியில்ல. அப்பிடி எழுதல. தெரியாம சொல்லிட்டேன்.” யாரோ சிரித்திருக்கிறார்கள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். செய்தது அவள், நாற்பது பேருக்கு முன்னால் தலைகுனிந்து நின்றது அவர். அதைக் கேட்ட அன்று ஜீவராணி சோற்றைத் தொடவில்லை.

கடிதத்தை ஒரு வரிகூட மாற்றாமல் அனுப்பினாள். ஜூலையில் பதில் வந்தது: இடமில்லை. காரணம் எழுதவில்லை. அதே கல்லூரியில், அதே நூரியாவுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து, எழுத்துச் சிங்களத்தை முதல் வகுப்புப் பிள்ளைபோல் எழுதியெழுதிப் பழகி, ஒரு வருஷம் பிந்திப் பாஸானாள். நூரியா கடைசி வரை மரியாதையாகப் பேசினாள். அதற்கு மேல் பேசவில்லை.

2006இல் கேகாலையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. முழங்கால் போனபின் கன்னையா பால் வெட்டை விட்டு, டவுனில் அவள் எடுத்த வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார். கடைக்குப் போனால், கோயிலுக்குப் போனால், யாராவது பக்கத்தில் நிற்பவளை யாரென்று கேட்பார்கள். முன்பெல்லாம் மகளைப் பற்றி நாலு வார்த்தை கூட்டிச் சொல்லாமல் அவருக்கு வாய் நிற்காது. இப்போது, “எம்மக. கந்தோருல வேல செய்யுது” என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார். ஒவ்வொரு முறையும் ஜீவராணி பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொள்வாள்.