வெளியே நின்று சொன்ன சங்கீதம்

போன வாரம் ஊரில் ஏதோ புதுக் காய்ச்சல் என்று பேச்சு வந்தது. உடனே எங்கள் சபை வாட்ஸப் குழுவில் ரோஜாப்பூப் படத்தோடு தொண்ணூற்றோராம் சங்கீதம் வந்து விழுந்தது. பத்துப் பேருக்கு அனுப்பினால் வீட்டுக்குப் பாதுகாப்பாம். கர்த்தர் என்ன, கூரியர் ஆபீஸா நடத்துகிறார்? எரிச்சலில் எனக்குத் தலையே வலித்தது. ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்டால், சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் சூரத்தில் பிளேக் வந்தபோது நாங்கள் புனேயில் கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஊர் முழுக்கக் கர்ப்பூர வாசம். கைக்குட்டையில் கர்ப்பூரத்தை முடிந்து மூக்கில் கட்டிக்கொண்டு, கொள்ளைக்காரர்கள் மாதிரி பள்ளிக்கூடம் போனோம். எலியைப் பார்த்தால் பெரியவர்களே நாற்காலி மேல் ஏறினார்கள். அப்பா டியூட்டிக்குப் போனதும் அம்மா கதவைத் தாழிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தச் சங்கீதத்தை உரக்க வாசிப்பார். வாதை உன் வீட்டுப் பக்கம் வராது என்று தைரியம் சொல்லும் சங்கீதம் அது. பொய் சொல்லக் கூடாது, வாசித்து முடித்தால் பயம் போய்விடும். அப்படி ஒரு நிம்மதி அதன்பிறகு எனக்குக் கிடைத்ததே இல்லை.

எதிர்வீட்டு எஸ்தர் அக்கா கல்யாணமாகி நாசரேத்துப் பக்கமிருந்து புதிதாக வந்தவள். இந்தி சுத்தமாகத் தெரியாது. கொத்தமல்லி வாங்கக்கூட அம்மாதான் துணைக்குப் போக வேண்டும். அவள் புருஷன் வேலையாகச் சூரத்துக்குப் போனவர், காய்ச்சலோடு திரும்பினார்.

அன்று சாயங்காலம் நாங்கள் பாதி வாசித்திருந்தபோது கதவு தட்டும் சத்தம்.

"யக்கா, அவியளுக்கு ஒடம்பு கொதிக்கு. ரிக்‌ஷாக்காரன்ட்டயும் ஆஸ்பத்திரியிலயும் பேச மட்டும் வாங்கக்கா. எனக்குப் பாஷை தெரியாதுல்லா."

அம்மா எழுந்திருக்கவில்லை. குரலை மட்டும் உயர்த்தினார். அக்கா மறுபடி தட்டினாள். அம்மா இன்னும் உரக்க வாசித்தார். நாக்கு குழறி ஒரு வரியில் நின்றுவிட்டார். அடுத்த வரி வெளியிலிருந்து வந்தது. அக்காவுக்கு மனப்பாடம். கதவுக்கு இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் அவளுமாகக் கடைசிவரை சொல்லி முடித்தார்கள். பிறகு காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது.

அவள் பேசியதில் சூரத் என்பது மட்டும் ரிக்‌ஷாக்காரர்களுக்குப் புரிந்ததாம், ஒருவரும் ஏற்றவில்லை. மறுநாள்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். அவர் உயிர் போன பிறகு டாக்டர் சொன்னார், பிளேக்கே இல்லை, மலேரியா. முந்தின நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று.

எங்கள் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்வது வழக்கம். கர்த்தர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். ஊருக்குப் போகும் முன் எஸ்தர் அக்கா வெள்ளைச் சேலையோடு எழுந்தாள்.

"அன்னைக்கு பயத்துல எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. யக்கா வர முடியாட்டியும் எனக்காவ உள்ள இருந்து சத்தமா வாசிச்சாவ. அந்தத் தெம்புலதான் அவியளத் தாங்கிப் புடிச்சு இறங்குனேன். ஆண்டவரு அக்காவ நல்லா வச்சிருக்கணும்."

குத்தலாகச் சொல்லவில்லை. மனதார நம்பிச் சொன்னாள், பாவி மகள். அதற்குப் பதில் அம்மாவை அறைந்திருக்கலாம். எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அடுத்தது அம்மா முறை. எழுந்தார், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். பாய் விரித்து ஜெபம் வைத்த குடும்பங்களும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டன. அம்மா என்னோடுதான் இருக்கிறார். பைபிளை இன்றும் தினமும் வாசிக்கிறார், உதடுகூட அசையாமல். அவர் சத்தமாக வாசித்து நான் கேட்டது கதவு தட்டிய அந்தச் சாயங்காலத்தோடு சரி.