காவல் அணுக்களும் என் நெஞ்சில் நின்ற இட்லியும்

நோயாளிக்குப் புரிகிற மாதிரி பேசுவதுதான் என் தொழில். அதில் ஒரு வார்த்தை கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. இதை எழுதவே பயமாக இருக்கிறது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மரபணு பற்றி நான் ஒன்று சொல்லி, நீங்கள் வேறொன்றாகப் புரிந்துகொண்டு, நாளைக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தால் என்ன செய்வது?

காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையில் நிற்பவர்கள் என்னிடம் கேட்பார்கள். அதைப் பார்த்த ஆராய்ச்சி டாக்டரம்மா, "தேவகி அக்கா, நீங்க எங்ககூட வந்துடுங்க" என்று இழுத்துக்கொண்டார். உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தவர்களுக்கு எப்படியும் ஸ்கோப் என்று வாய் வழியாகக் குழாய் விட்டு, டெஸ்டுக்குச் சதை எடுப்பார்கள். அதோடு ஒரு துணுக்கு கூடவும், கொஞ்சம் ரத்தமும் ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று நான் கேட்க வேண்டும். தந்தாலும் தராவிட்டாலும் வைத்தியம் ஒன்றுதான்.

நெஞ்சு கொஞ்சம் எரிந்தாலே பெரிய நோயின் பெயரை நினைக்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நீங்கள் என் இனம். இந்த வேலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே எனக்குச் சாப்பாடு நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் அதுவாக இருந்துவிட்டால்?

டீ குடித்த போலீஸ்

நம் உடம்பில் காவல் அணுக்கள் உண்டு. சிலருடைய கட்டிக்குள் அவை கூட்டமாக நுழைந்து சண்டை போடுகின்றன. சிலருடைய கட்டியில் வாசலோடு நின்றுவிடுகின்றன. இந்த வித்தியாசத்துக்கு மரபணுவில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று தேடுவதுதான் எங்கள் ஆராய்ச்சி. அது கிடைத்தால், காவல் அணுக்களைத் தட்டி எழுப்புகிற மருந்து யாருக்கு வேலை செய்யும் என்று முன்னாலேயே சொல்ல முடியலாம். முடியும் என்று நான் சொல்லக் கூடாது. முடியலாம்.

ஒரு பெரியவரிடம் இதை என் பாணியில் விளக்கினேன். "கருட சேவைக்கு பந்தோபஸ்து போடறாங்க இல்ல ஐயா? ஜேப்படிக்காரன் உள்ள பூந்து வேலையக் காட்டிக்கினு இருப்பான். போலீஸ்காரங்க வெளிய நின்னு டீ குடிச்சிக்கினு இருப்பாங்க. அந்த மாதிரிதான்." பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அப்புறம்தான் தெரிந்தது, பெரியவர் ஓய்வு பெற்ற ஏட்டு. வருஷா வருஷம் கருட சேவை பந்தோபஸ்து பார்த்தவர். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு விறைப்பாக நிமிர்ந்தார்.

"எழுதிக்கோம்மா. என் உடம்புல இருக்கிறவன் எவனும் ட்யூட்டி நேரத்துல டீ குடிக்க மாட்டான்."

வெள்ளிக்கிழமை

பட்டு நெய்கிற குடும்பத்து அம்மா ஒருவர். கேட்டவுடனே சரி என்று தலையாட்டினார். "இதுல எனக்கு இன்னா கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். இந்தக் கேள்விதான் எனக்குப் பயம். "உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காதும்மா. பின்னாடி வர்றவங்களுக்கு உதவலாம்" என்றேன். "அதுவும் சரிதான்" என்றார்.

ஸ்கோப் வெள்ளிக்கிழமை காலையில். அறைக்குள் கூப்பிடும் நேரத்தில் நகர மாட்டேன் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையில் அவர்கள் வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்க மாட்டார்களாம். அக்கம்பக்கத்தில் உப்பு கேட்டால்கூட நாளைக்கு வா என்பார்களாம். மருமகள் கெஞ்சினாள். நர்ஸ் கடிகாரத்தைக் காட்டினாள். கடைசியில் அந்த அம்மா கோயிலுக்குக் கிளம்புகிறவர் போல எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டார்.

"கட்டிய இன்னிக்கே எடுத்துக்கினு போங்க, அது போவட்டும். ரத்தம் நாளைக்குத்தான் தருவேன்."

அதன்படியே நடந்தது.

மிளகு மேல் பழி

ஒரு நாள் வீட்டில், மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி. இரண்டாவது வாய் நெஞ்சோடு நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், முதுகை நிமிர்த்தினேன், சாமி படத்தைப் பார்த்தேன். மெதுவாக இறங்கியது. என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிளகு ஜாஸ்தி" என்றேன்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் குழாய் வுட்டுப் பாக்கச் சொல்ற. உனக்குன்னா மட்டும் மிளகு மேல பழியா?"

யாருடைய காவலர்கள்

டாக்டரம்மா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒரு கட்டியின் மெல்லிய சீவல். உள்ளே பழுப்புப் புள்ளிகள், தேர் நிலைக்கு வரும்போது கூடுகிற கூட்டம் மாதிரி. "எல்லாம் காவல் அணுக்கள் அக்கா. இந்த மாதிரி கட்டியிலதான் நாம தேடற அடையாளம் தெரியற மாதிரி இருக்கு. இன்னும் நிறைய பேர்கிட்ட சரிபார்க்கணும்" என்றார். யாருடையது என்று கேட்டேன். நம்பர்தான் இருக்கும், பெயர் சொல்லக் கூடாது என்றார். சொல்லாவிட்டால் என்ன? எனக்கு ஓடிப்போய் யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வராந்தாவில் ஏட்டய்யாவும் வெள்ளிக்கிழமை அம்மாவும் மருந்துக்குக் காத்திருந்தார்கள். யாரோ ஒருத்தருடைய கட்டிக்குள் காவலர்களைக் கண்ணால் பார்த்தேன், அதை வைத்து யாருக்கும் எதுவும் முடிவாகச் சொல்ல முடியாது என்று ஜாக்கிரதையாகத்தான் சொன்னேன். "வெள்ளிக்கிழமை எடுத்ததா? அப்போ என்னுது" என்றார் அம்மா. ஏட்டய்யா ஒப்புக்கொள்ளவில்லை. மருந்து வந்த பிறகும் சண்டை ஓயவில்லை.

"இத்தினி பேர் நேரத்துக்கு வந்து நிக்கறாங்கன்னா அது என் ஸ்டேஷன்தாம்மா!"

பாயின் நிபந்தனை

பெரிய காஞ்சிபுரத்தில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர். நான் பேசி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்காமல் என் காப்பி டம்ளரையே பார்த்தார். நான் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும், பிஸ்கட் கடித்தால் நெஞ்சைத் தடவித் தண்ணீர் தேடுவதும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. "நானும் இப்டிதான் தங்கச்சி, தண்ணி ஊத்தி ஊத்தித் தள்ளிக்கினு இருந்தேன். காட்டாம வுட்டுட்டேன்" என்றார். பிறகு பேனாவைத் தள்ளி வைத்தார். "மொதல்ல நீ குழாய முழுங்கு. அப்புறம் நான் கையெழுத்து போடறேன்."

டாக்டரம்மாவிடம் ஓடினேன். "எதையும் கொடுத்து சம்மதம் வாங்கக் கூடாதுக்கா. உங்க தொண்டையும் அதுல சேர்த்திதான். அவரை விட்டுடுங்க" என்றார். ஆனால் அவரும் என் தொண்டையை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. விதி அனுமதிக்கவில்லை, நான் என்ன செய்வேன்? பாயிடம் வந்து, உங்கள் துணுக்கு வேண்டாம் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நிபந்தனை கேன்சல். இப்போ அண்ணன் கேக்கறேன், போறியா இல்லியா?"

என் முறை

போனேன். ஆனால் இரண்டு மாதம் சாக்குச் சொன்ன பிறகுதான். தொண்டையில் கசப்பாக மருந்து அடித்தார்கள். வாயில் வளையம் மாட்டினார்கள். "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! குமட்டிக் குமட்டிக் கண்ணில் தண்ணீர். முடிந்ததும் டாக்டரம்மா என் கையைப் பிடித்தார். கட்டி எதுவும் இல்லை. வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி லேசான புண். மாத்திரை சாப்பிட்டால் ஆறிவிடும். நான் அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்து அடுத்த ஆள் பயந்துவிட்டார்.

நேராகப் பாயிடம் போனேன். இந்த இரண்டு மாதச் சிகிச்சையில் அவருக்கு உணவுக்குழாயில் வழி கொஞ்சம் திறந்திருந்தது. பன்னை டீயில் ஊறவைத்து, வெகு நாளைக்குப் பிறகு முழுசாக ஒரு வாய் விழுங்கிக்கொண்டிருந்தார். அது இறங்கும்வரை நானும் அவர் சம்சாரமும் மூச்சு விடவில்லை. இறங்கியதும் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அல்லாவுக்கு ஷுக்ர்! இனிமே ஆற வெச்சுக் குடி தங்கச்சி. நானும் அப்டிதான் குடிக்கறேன், அது டீயே இல்லன்னு உங்க அண்ணி சொல்றா."

ஆகவே இப்போதெல்லாம் காலையில் மாத்திரையைப் போட்டு, காப்பியை நன்றாக ஆற்றிக் குடித்து, எதிரே இருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்று முதலில் கேட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.