ஐந்து கால் பூச்சி

"வெள்ளிக்கு என்ன வாசனை, சொல்லு பிள்ள?"

பட்டறைக்கார அம்மா தோன்யா குக்கா கேட்டார். அவர் ஒரு சங்கிலியை ஈரக் கைக்குள் பொத்திப் பரபரவென்று தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடினார். எங்கள் ஊரான தாஸ்கோவில் எல்லா வெள்ளிப் பட்டறைகளிலும் அமிலம் ஊற்றித்தான் சோதிப்பார்கள். இவருக்கு மூக்கு போதும்.

"ஒண்ணும் அடிக்கக் கூடாது. பஸ் கம்பியப் புடிச்ச கை மாதிரி நாறுச்சுன்னா, அது வெள்ளியில்ல."

வயது அறுபத்து மூன்று. தோல் ஏப்ரன் முழுக்கத் தீப்பொறி விழுந்த ஓட்டைகள். உடம்பில் ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. கையில் பிளாஸ்டிக் கடிகாரம். ஏன் என்று கேட்டால், "சமையக்காரி சட்டியக் கழுத்துல மாட்டிக்கிட்டா திரியுறா?" என்று எரிந்து விழுவார்.

இவர்களுடைய வெள்ளிக் கடையின் வரலாற்றைத் துண்டறிக்கையாக எழுதச் சொல்லி என்னை அழைத்தவர் அவருடைய அண்ணன் மகன் எஃப்ராயின். சுரங்கத் தொழிலாளியான குக்காவின் தாத்தா நாபோர், 1938இல் வெள்ளி வேலைக்கு வந்து, நகையில் முத்திரை குத்தத் தன் கையாலேயே ஓர் எஃகு அச்சு செதுக்கினார். நவம்பரில் எங்கள் ஊரே சட்னி அரைத்துத் தின்னும் ஹுமில் பூச்சிதான் முத்திரை. செதுக்கும்போது உளி வழுக்கி, பின்னங்கால் ஒன்று விடுபட்டுவிட்டது.

"மனுசனுக்கு நல்ல பசி. ஒரு காலைத் தின்னுட்டாரு" என்பார் குக்கா.

தாத்தாவுக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் அண்ணன். அண்ணன் இறந்தபின் பதினெட்டு ஆண்டுகளாக அந்த அச்சு குக்காவின் ஏப்ரன் பையில் இருந்தது. முகர்ந்து பார்க்காமல் அவர் எதிலும் அதைக் குத்தியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை எஃப்ராயின் மூன்று அட்டைப் பெட்டிகளைப் பட்டடை மேல் வைத்தார். தலைநகரிலிருந்து வந்த ஆயத்தச் சங்கிலிகள்.

"அத்தை, பூச்சிய மட்டும் குத்திக் குடு. நாளைக்கு ரெண்டு பஸ் கூட்டம் வருது."

குக்கா ஒன்றை எடுத்துத் தேய்த்தார். முகர்ந்தார். முகம் சிவந்தது.

"டேய், இது அல்பாக்கா, செம்பும் நிக்கலும் கலந்த போலி. மினுக்குதே தவிர, இதுல வெள்ளி ஒரு சொட்டு இல்ல."

"இருக்கட்டுமே. வாங்குறவன் மோந்து பாத்தா வாங்குறான்?"

"மாட்டான். எங்க தாத்தா பூச்சியப் பாத்து நம்பி வாங்குவான். அதாண்டா எனக்கு வயிறு எரியுது!"

"சரி, அச்சைக் குடு. நானே குத்திக்கிறேன். கடை என் பேர்லதானே இருக்கு?" அவர் கையை நீட்டினார்.

குக்கா ஏப்ரன் பையிலிருந்து அச்சை எடுத்தார். கொடுக்கப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் சாணைக்கல்லின் மிதியை மிதித்து, அச்சின் முகத்தை அதில் வைத்து அழுத்தினார். பொறி பறந்தது. முதலில் கால்கள் போயின, பிறகு முதுகு. எஃப்ராயின் "அத்தை! அத்தை!" என்று கத்திக்கொண்டே இருந்தார். மழமழவென்று ஆன அச்சை, சூடு ஆறுவதற்குள் எஃப்ராயினின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடினார்.

"இந்தா. இப்பக் குத்து."

எஃப்ராயின் வேறு அச்சு செய்து வாங்கிவிட்டார். என் துண்டறிக்கையும் கடை வாசலில் கிடைக்கிறது. "நான்கு தலைமுறைக் கைவேலை" என்று நான் எழுதிய வரியைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் மீதியை இங்கே எழுதுகிறேன். புது அச்சைச் செதுக்கியவர் நல்ல வேலைக்காரர். பூச்சிக்கு ஆறு கால்களையும் ஒழுங்காக வைத்திருக்கிறார். பூச்சி முத்திரை போட்ட நகை அணிந்த எவரையாவது நீங்கள் சந்தித்தால், தயவுசெய்து கால்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.