பதினோராவது இலத்திரன்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் மூட்டை கட்ட வேண்டும். நானும் சாய்ந்தமருதில் உம்மாவின் வீட்டை விட்டு, மருதமுனையில் மனைவியின் வீட்டுக்குக் குடியேறினேன். கலியாணம் பேசும்போது எனக்கு அரசாங்க உத்தியோகம் என்று எங்கள் ஆட்கள் அடித்துவிட்டிருந்தார்கள். உண்மையில் நான் தற்காலிக ஊழியன். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் சித்தியடைந்தால்தான் வேலை நிரந்தரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைக்கலாம்? மாமி போடும் தேத்தண்ணியில் சீனி குறைந்துகொண்டே வந்தது.

தலை நரைக்கத் தொடங்கிய வயதில் அணுவுக்குள் ஆள் எண்ண உட்கார்ந்தேன். அணுவெண் எத்தனையோ அத்தனை புரோத்தன். திணிவெண்ணிலிருந்து அதைக் கழித்தால் நியூத்திரன். அணு சும்மா இருந்தால் இலத்திரனும் புரோத்தன் அளவுதான். சோடியத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. இதுவரைக்கும் மாட்டுக்கும் விளங்கும். பிறகு சோடியத்தின் தலையில் ஒரு சின்னக் கூட்டல் குறியைப் போட்டு, அயன் என்று பெயரும் வைத்து, இலத்திரன் எத்தனை என்று கேட்டார்கள். கூட்டல் என்றால் கூட்டத்தானே வேண்டும்? பன்னிரண்டு என்று எழுதினேன்.

பழைய வினாத்தாளைத் திருத்திய மனைவி சிவப்புப் பேனையால் கோடு போட்டாள்.

"பிழை. அது ஒண்டக் குடுத்திட்டு நிக்கிது. கழிக்கணும், பத்து."

"குடுத்தவனுக்கு எப்பிடிகா பிளஸ் வரும்? இழந்தா மைனஸ்தானே?"

"இலத்திரனே மைனஸ்தான். மைனஸ் ஒண்டு வெளிக்கிட்டா மிச்சம் பிளஸ்தானே?"

எனக்கு ஏறவில்லை. ஒவ்வொரு வினாத்தாளிலும் அதே இடத்தில் வழுக்கி விழுந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உம்மாவைப் பார்க்கப் போனேன். மகன் போன கவலையில் இளைத்திருப்பார் என்று பழமெல்லாம் வாங்கிக்கொண்டுதான் போனேன். என் கட்டில் இல்லை. அறைக்குப் புதுத் திரைச்சீலை. உம்மாவின் கன்னம் பூரித்திருந்தது.

"நீ போன பொறகு ஊடு துப்பரவா இரிக்கி மனே. கத்தல் இல்ல, சண்ட இல்ல. நேரத்துக்குத் தூங்குறன்."

சொல்ல வெட்கம்தான், மனம் சுட்டது. ஆனால் சோடியம் விளங்கிவிட்டது. அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்ட கழித்தல் நான்.

பரீட்சையிலும் சோடியம் அயன்தான் வந்தது. யோசிக்காமல் பத்து என்று எழுதினேன். சித்தியடைந்தேன். மாமியின் தேத்தண்ணிக்குச் சீனி திரும்பி வந்தது.

செய்தி சொல்ல உம்மாவிடம் ஓடினேன். கட்டிப்பிடித்து அழுதார், நெற்றியில் முத்தமிட்டார். பிறகு எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தார், கண்ணாடி அலுமாரியில் விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த கோப்பையில்.